கலக்கமும் கலப்பும்: மலையிலும் காட்டிலும் காற்றின் போக்கு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், மார்கழித் திங்களில், நம் துறை மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக உதகைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பொழுது புலர்ந்தும் கதிரவன் மலைமுகட்டைத் தாண்டாத நேரம். பள்ளத்தாக்கில் அமைந்த குடியிருப்பொன்றில் அடுப்புகள் எரியத் தொடங்கியிருந்தன. புகை நேரே மேலெழுந்தது. ஆனால் சிறிது உயரம் சென்றதும், கண்ணுக்குத் தெரியாத கூரையொன்றில் முட்டியது போல் நின்று, பக்கவாட்டில் பரவி, ஊர் முழுவதையும் மெல்லிய துகில் போல் மூடிக்கொண்டது. "வானம் திறந்துதானே கிடக்கிறது, ஐயா! புகை ஏன் மேலே போகவில்லை?" என்று மாணவர் ஒருவர் வினவினார். இலக்கணத்தில் ஐயம் கேட்டிருந்தால் அங்கேயே விடை கூறியிருப்போம். இவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. ஊர் திரும்பிய பின், இயற்பியல் துறை நண்பர்களை அணுகியும் நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

விடையின் சாரத்தை ஒரே தொடரில் கூறிவிடலாம்: காற்று கலங்கினால்தான் கலக்கும். 'கலக்கம்' என்னும் சொல் நம் வழக்கில் பெரும்பாலும் துன்பத்தையே குறிக்கும். மனம் கலங்கிற்று என்போம். குளத்து நீர் கலங்கிற்று என்போம். ஆயினும் கலங்குதல், கலக்குதல், கலத்தல், கலப்பு ஆகிய யாவும் ஓரடியிற் பிறந்த சொற்கள். வளிமண்டலத்தைப் பொறுத்தவரை கலக்கமே கலப்பைத் தருகிறது; கலப்பே உயிர்களை வாழவைக்கிறது. கலக்கம் அற்ற அமைதியான இரவு, சில ஊர்களில் உயிர் குடித்த இரவாகவும் ஆகியிருக்கிறது. இவ்வுண்மையை மலை, பள்ளத்தாக்கு, காடு என்னும் மூன்று களங்களில் வைத்துக் காண்போம்.

முன்னோர் இட்ட பெயர்கள்

திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்தவர் தமிழர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். காற்றைத் தொழில் கொண்டு மரக்கலம் செலுத்திய குடியில் வந்தவன் என்று கரிகாற்சோழனைப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் போற்றுகிறார். அரபுக் கடலோடிகள் பருவத்தைக் குறிக்க வழங்கிய 'மவ்சிம்' என்னும் சொல்லே பின்னர் 'மான்சூன்' என ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது. நம் கடற்கரை மரக்காயர்களும் இப்பருவக்காற்றுகளை நம்பியே பாய் விரித்தனர்.

இப்பெயர்கள் யாவும், நிலத்துக்கு இணையாக ஒரு திசையிலிருந்து மறு திசைக்கு ஓடும் காற்றுக்கு உரியன என்பது நோக்கத்தக்கது. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் செல்லும் காற்றுக்கு இவற்றைப் போல் பெருவழக்கான பெயர் அமையவில்லை. பெருஞ்சுழலைச் சூறை என்றோம்; சூறாவளி என்றோம். தெருவில் சருகைச் சுழற்றி எறியும் சிறு சுழலையும், கண்ணுக்கே புலப்படாத கையகலச் சுழலையும் நாம் பொருட்படுத்தவில்லை. நம் கட்டுரையின் தலைவன் இந்தச் சிறு சுழலே.

வானம் பூமியின் படைப்பு, இரவு பகலின் மாற்றம், கடலில் செல்லும் கலங்கள் ஆகியவற்றோடு, காற்றுகள் திருப்பிவிடப்படுவதையும் சிந்திக்கும் மக்களுக்குரிய சான்றுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆன் (அல்பகரா, 164) எண்ணுகிறது. அவ்வாறாயின், காற்று எவ்வாறு திரும்புகிறது, ஏன் திரும்புகிறது என்று எண்ணிப் பார்ப்பதும் நம் கடமைகளுள் ஒன்றேயாகும்.

சீரோட்டமும் சுழலோட்டமும்

1883ஆம் ஆண்டில், மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எளியதோர் ஆய்வினை வெளியிட்டார். கண்ணாடிக் குழாயொன்றில் நீரை ஓடவிட்டு, அதன் நடுவே சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தினார். நீர் மெதுவாக ஓடியபோது சாயம் நூலிழை போல் நேராக நீண்டது. ஓட்டத்தின் விரைவு ஓர் எல்லையைக் கடந்ததும், இழை நடுங்கிற்று, சுழிகளாக உடைந்தது, குழாய் முழுவதும் பரவிற்று. முன்னதைச் சீரோட்டம் என்றும் பின்னதைச் சுழலோட்டம் என்றும் கூறலாம். சீரோட்டத்தில் அருகருகே செல்லும் நீரடுக்குகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. சுழலோட்டத்திலோ நொடிப்பொழுதில் கலந்துவிடுகின்றன.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்று பெரும்பாலும் சுழலோட்டத்திலேயே இருக்கிறது. அவ்வாறு இல்லையெனில் என்னாகும்? ஊதுவத்தியின் மணம் ஒரு மீட்டர் தொலைவு பரவுவதற்கு, காற்றின் மூலக்கூறுகளின் தன்னியக்கம் ஒன்றையே நம்பியிருந்தால், ஏறத்தாழ அரை நாள் ஆகும். பத்து மீட்டர் பரவ ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். தொலைவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும் என்பது அக்கணக்கின் விதி. ஆனால் அறையின் ஒரு மூலையில் ஏற்றிய ஊதுவத்தி சில நிமிடங்களில் மறு மூலையில் மணக்கிறது. அந்த மணத்தைச் சுமந்து வருவன சுழல்களே. நாம் விடும் மூச்சினை அகற்றிப் புதுக்காற்றைக் கொணர்வனவும், மண்ணின் ஈரத்தை மேலே ஏற்றிச் செல்வனவும், இலைகளுக்குக் கரியமில வாயுவைக் கொண்டு வந்து ஊட்டுவனவும் அவையே.

இச்சுழல்கள் ஓரளவின அல்ல. நண்பகலில் ஒரு கிலோமீட்டர் உயரம் வரை எழும் பெருஞ்சுழல்களும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள நுண்சுழல்களும் உண்டு. பெருஞ்சுழல் தன் ஆற்றலைச் சிறுசுழலுக்கும், அது தன்னினும் சிறியதற்கும் கையளிக்கிறது. இறுதியில் அவ்வாற்றல் உராய்வில் கரைந்து வெப்பமாகிறது. இக்கருத்தை 1922ஆம் ஆண்டு வெளிவந்த தம் வானிலை நூலில் ஒரு சிறு வேடிக்கைப் பாடலாகவே எழுதி வைத்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, பிரான்சு நாட்டில் காயமுற்றோரைச் சுமக்கும் ஊர்திப் பணியில் சேர்ந்தவர் அவர். அப்பணியின் இடையே, வானிலையை முன்கூட்டிக் கணிக்கும் கணக்குகளைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். 1920இல் வானிலை அலுவலகம் வான்படைக்குரிய அமைச்சகத்தின் கீழ் வந்தபோது, தம் அறிவு போருக்குத் துணைபோவதை விரும்பாமல் பதவியைத் துறந்தார். கற்றவர் நினைவிற் கொள்ளத்தக்க வாழ்வு அது.

இரு விசைகளின் வழக்கு

காற்றில் சுழல் பிறப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது உராய்வு. மேலே விரைந்து செல்லும் காற்றின் அடிப்பகுதியைத் தரை பிடித்து இழுக்கிறது. புல்லினும் பயிர் மிகுதியாக இழுக்கும், பயிரினும் மரம், மரத்தினும் குன்று. மேலடுக்கு விரைய, கீழடுக்கு தயங்க, இரண்டிற்கும் இடையே காற்று உருண்டு சுழல்கிறது. இரண்டாவது வெப்பம். வெயிலில் காய்ந்த தரை தன்மேலுள்ள காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று இறங்குகிறது.

இரவில் இந்த இரண்டாவது காரணம் எதிரியாக மாறிவிடுகிறது. முகில் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு உமிழ்ந்து குளிர்கிறது. அதனைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழக் கிடக்கிறது. மேலே செல்லச் செல்லக் குளிர வேண்டிய காற்று, மேலே செல்லச் செல்ல வெதுவெதுப்பாக இருக்கிறது. இதனை வெப்பத் தலைகீழ் நிலை என்பர். இந்நிலையில் கீழ்க்காற்றின் ஒரு பிடியை யாரேனும் மேலே தள்ளினாலும், சுற்றியுள்ள காற்றினும் அது கனமாக இருத்தலின், மீண்டும் தன் இடத்துக்கே வந்து விழும். உராய்வு சுழலைப் பிறப்பிக்க முயலும்; குளிர் அதனை அமுக்க முயலும்.

இவ்விரண்டிற்கும் இடையிலான வழக்கில் எது வெல்லும் என்பதை ஓர் எண்ணால் அளந்து காட்டியவரும் அதே ரிச்சர்ட்சன்தாம். அமுக்கும் விசையை எழுப்பும் விசையால் வகுத்து வரும் அந்த எண், ஏறத்தாழக் கால் என்னும் அளவைத் தாண்டினால் சுழல்கள் அடங்கத் தொடங்குகின்றன. அன்று உதகையில் புகை முட்டி நின்ற கூரை எது என்பதற்கு இதுவே விடை. அக்கூரை கல்லாலும் மரத்தாலும் ஆனதன்று. வெதுவெதுப்பான காற்றால் ஆனது.

மலை காற்றுக்குச் செய்வன

சமநிலத்தில் நிகழும் இவ்வழக்கினை மலை பன்மடங்கு சிக்கலாக்குகிறது. குன்றின் மீது ஏறும் காற்று நெருக்குண்டு விரைகிறது. ஸ்காட்லாந்தின் மேற்கே சவுத் உயிஸ்ட் என்னும் தீவில் அஸ்கர்வேன் என்றொரு சிறு குன்று உண்டு. சுற்றுப்புறத்திலிருந்து அதன் உயரம் 116 மீட்டர்தான். 1982, 1983ஆம் ஆண்டுகளில் பல நாட்டு அறிஞர்கள் அதன் மீது ஏறத்தாழ 50 கம்பங்களை நட்டுக் காற்றை அளந்தனர். அடிவாரத்துக்கு அப்பாலுள்ள சமவெளியில் பத்து மீட்டர் உயரத்தில் வீசிய காற்றினும், உச்சியில் அதே உயரத்தில் வீசிய காற்று ஏறத்தாழ 80 விழுக்காடு விரைவு மிக்கதாக இருந்தது. சிறு குன்றே இவ்வளவு செய்யுமாயின் பெருமலை என்ன செய்யாது!

காற்று மலையைக் கடந்து மறுபுறம் இறங்கும்போது நிலைமை மாறுகிறது. சரிவு செங்குத்தாக இருப்பின், காற்று நிலத்தை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்துக்குக் கீழே, எதிர்த்திசையில் உருளும் சுழல்கள் உண்டாகின்றன. மேலடுக்குகள் நிலைத்த தன்மையுடன் இருப்பின், கல்லைத் தாண்டும் ஆற்றுநீர் அலையலையாக எழுந்து விழுவது போல், காற்றும் மலைக்கு அப்பால் பல கிலோமீட்டர் தொலைவுக்கு அலை வீசுகிறது. அவ்வலைகளின் அடியில் உருளும் கொடுஞ்சுழல்களைக் கண்ணால் காண இயலாது. 1966 மார்ச் 5ஆம் நாள், டோக்கியோவிலிருந்து ஹாங்காங் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் பயணிகள் விமானம் ஒன்று, ஃபூஜி மலைக்கு அருகே தெளிந்த வானில் சிதைந்து வீழ்ந்தது. அதிலிருந்த 124 பேரும் மாண்டனர். மலை எழுப்பிய கடுஞ்சுழலே காரணமென விசாரணையில் கண்டறியப்பட்டது.

மலைத்தொடரில் இடைவெளி இருப்பின் காற்று அதன் வழியே புகுந்து பாய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாயும், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய இடங்களின் கணவாய்களும் இவ்வகையின. தென்மேற்குப் பருவக்காற்று இவற்றின் வழியே தமிழகத்துள் புகும் இடங்களிலேயே நம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஓர் ஆலையைக் கடந்த காற்று விரைவு குன்றிக் கலங்கிச் செல்லும். மேலேயுள்ள விரைவான காற்று சுழல்களின் வழியே கீழிறங்கிக் கலந்தால்தான் அது மீண்டும் வலிமை பெறும். ஆகவே ஆலைகளுக்கு இடையே போதிய இடைவெளி விடப்படுகிறது. இங்கும் கலக்கத்தின் வழியே கலப்பு நிகழ்வதைக் காண்கிறோம்.

பள்ளத்தாக்கின் பகலும் இரவும்

பள்ளத்தாக்குக்கு ஒரு நாளில் இரு மூச்சு உண்டு. பகலில் வெயில் பட்ட சரிவுகள் சூடேற, காற்று சரிவின் வழியே மேலேறுகிறது. நண்பகலுக்குப் பின் மலைமுடிகளில் முகில் திரள்வது இதனால்தான். மாலையில் சரிவுகள் முதலில் குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்று கனத்து, நீரைப் போலவே மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி ஒழுகுகிறது. முன்னதைப் பள்ளத்தாக்குக் காற்று என்றும் பின்னதை மலைக்காற்று என்றும் புவியியல் பாடநூல்கள் கூறும்.

ஒழுகிய குளிர்காற்று வெளியேற வழியற்ற இடத்தில் குளமாகத் தேங்குகிறது. ஆஸ்திரியா நாட்டில் லுன்ஸ் என்னும் ஊருக்கு அருகே, ஏறத்தாழ 1270 மீட்டர் உயரத்தில், கிண்ணம் போன்ற மலைப்பள்ளம் ஒன்று உண்டு. 1932ஆம் ஆண்டு அங்கு உறைநிலைக்குக் கீழே 52.6 டிகிரி செல்சியஸ் குளிர் பதிவாயிற்று. மலையில் மேலே செல்லச் செல்ல மரங்கள் குறுகிப் புல்லாக மாறுவது உலக வழக்கம். அப்பள்ளத்திலோ மேலே மரங்களும், இடையே குறுமரங்களும், அடியில் வெறும் புல்லும் காணப்படுகின்றன. காற்றின் தலைகீழ் நிலையைத் தாவரங்களும் தலைகீழாக எழுதிக் காட்டுகின்றன எனலாம்.

இங்கு நாம் குறிஞ்சித் திணையை எண்ணிப் பார்க்கலாம். மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; சிறுபொழுது யாமம். முன்பனிக்காலத்து நள்ளிரவு என்பது, மலைக்காற்று இறங்கிப் பள்ளங்களில் தேங்கி அடங்கும் பொழுதேயாகும். சங்கப் புலவர் இன்றைய அறிவியலை அன்றே அறிந்திருந்தனர் என்று கூறுவது நம் நோக்கமன்று. அவ்வாறு கூறுவது அவர்களுக்கும் பெருமை ஆகாது. அறிவியலுக்கும் பெருமை ஆகாது. ஆனால் மலையின் தன்மை முற்றும் வெளிப்படும் பொழுது எதுவென அவர்கள் கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதில் ஐயமில்லை.

காற்று அசையாத ஐந்து நாட்கள்

தேங்கிய காற்று வெறும் குளிரோடு நின்றுவிடுமாயின் பெருந்தீங்கில்லை. அதில் மனிதன் புகையையும் நஞ்சையும் கலந்தால் என்னாகும் என்பதை 20ஆம் நூற்றாண்டு உலகுக்குக் கற்பித்தது.

1930 டிசம்பர் முதல் வாரத்தில், பெல்ஜியம் நாட்டின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூடுபனி படிந்தது. அங்கிருந்த பல தொழிற்சாலைகளின் புகையும் மேலேற வழியின்றித் தங்கிற்று. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 60 பேர் உயிரிழந்தனர்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1948 அக்டோபர் இறுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டொனோரா என்னும் ஊரில் அதே கொடுமை நிகழ்ந்தது. மொனோங்காகேலா ஆறு வளைந்து செல்லும் இடத்தில், செங்குத்தான குன்றுகளுக்கு இடையே அமைந்த ஊர் அது. மக்கள்தொகை ஏறத்தாழ 14,000. ஆற்றங்கரையில் துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் இயங்கி வந்தன. ஏனைய நாட்களில் காலை மூடுபனி நண்பகலுக்குள் கலைந்துவிடும். அவ்வாரம் கலையவில்லை. குன்றுகளின் உயரத்துக்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக அமைந்துவிட்டது. பகலிலும் வெயில் தரையைத் தொடவில்லை, தரை சூடேறவில்லை, சுழல்கள் பிறக்கவில்லை. ஆலைகள் மட்டும் புகைந்துகொண்டே இருந்தன. பழகிய புகைதானே என்று மக்கள் விழாவும் விளையாட்டும் நடத்தினர். 20 பேர் மாண்டனர். ஊரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயுற்றனர். அக்டோபர் 31ஆம் நாள் மழை வந்து காற்று கலைந்த பின்னரே ஊர் மூச்சு விட்டது.

டொனோராவின் ஆலைகள் அவ்வாரத்தில் மட்டும் மிகுதியாகப் புகையவில்லை என்பதை இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். பல்லாண்டுகளாக வெளிப்பட்ட அதே புகையைச் சுழல்கள் நாள்தோறும் சத்தமின்றி அப்புறப்படுத்தி வந்தன. அவை ஐந்து நாள் ஓய்ந்தபோதுதான், அதுவரை அவை ஆற்றி வந்த பணி என்னவென்று மனிதனுக்குத் தெரிந்தது. 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரமும் இதே பாடத்தைப் பல ஆயிரம் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டிலும் பிரிட்டனில் 1956ஆம் ஆண்டிலும் தூய காற்றுக்கான சட்டங்கள் பிறந்தமைக்கு இத்துயரங்களும் காரணமாயின.

காட்டின் மூச்சு

காட்டுக்கு வருவோம். வயல்வெளியில் முற்றிய நெற்பயிர் மீது காற்று வீசும்போது, கதிர்கள் அலையலையாகச் சாய்ந்து எழுவதைக் கண்டு மகிழாதார் இலர். ஜப்பானியர் இதற்குக் 'கதிரலை' என்னும் பொருள்படும் தனிச்சொல்லே வைத்துள்ளனர். அவ்வலை வெறும் அழகன்று. பயிருக்கு மேலே உருண்டு செல்லும் சுழல்களின் கால்தடம் அது. காட்டின் மேற்பரப்பிலும் இதுவே நிகழ்கிறது. மரத்தலைகளுக்கு மேலே காற்று விரைகிறது. இலைகளுக்கு உள்ளே தயங்குகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் பெருஞ்சுழல்கள் உருள்கின்றன. அவை சீராக வேலை செய்வதில்லை. நெடுநேரம் அமைதி, பின்னர் ஒரு வீச்சு மேலிருந்து காட்டுக்குள் இறங்கும், அதற்கு ஈடாக உள்ளிருந்த ஈரக்காற்று மேலே எறியப்படும். காட்டின் காற்றுப் பரிமாற்றத்தில் பெரும்பங்கு இத்தகைய சில வீச்சுகளிலேயே நடந்துவிடுகிறது.

இம்மூச்சை அளக்க அறிஞர்கள் காட்டுக்கு மேலே கோபுரம் எழுப்புகின்றனர். ஒலியின் பயண நேரத்தைக் கொண்டு காற்றை அளக்கும் கருவி, நொடிக்குப் பத்து அல்லது இருபது முறை காற்றின் ஏற்ற இறக்கத்தைப் பதிகிறது. உடனிருக்கும் மற்றொரு கருவி கரியமில வாயுவை அளக்கிறது. ஊரின் சுங்கச்சாவடியில் உள்ளே செல்லும் வண்டியின் சுமையையும் வெளியே வரும் வண்டியின் சுமையையும் எழுதி வைத்தால், ஊர் வாங்கியது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று தெரிந்துவிடுமல்லவா? அதுபோல, இறங்கும் சுழலிலும் ஏறும் சுழலிலும் உள்ள வாயுவைக் கணக்கிட்டால், காடு உட்கொண்டதும் வெளிவிட்டதும் தெரிந்துவிடும். இன்று உலகெங்கும் பல நூறு கோபுரங்களில் இக்கணக்கு நடைபெறுகிறது. புவி வெப்பமாவதைக் காடுகள் எவ்வளவு தடுக்கின்றன என்னும் பெரிய வினாவுக்கு விடை காண்பதில் இக்கணக்குக்குச் சிறப்பிடம் உண்டு.

மலைச்சரிவில் உள்ள காட்டில் இக்கணக்கு இரவில் பொய்த்துவிடுகிறது. பகலில் இலைகள் கரியமில வாயுவை உட்கொள்ளும். இரவிலோ மரமும் மண்ணும் அதனை வெளிவிடும். சுழல்கள் அடங்கிய இரவில் அவ்வாயு மேலேறிக் கோபுரத்தை அடைவதில்லை. குளிர்காற்றோடு சேர்ந்து, மரங்களின் அடியில், சரிவின் வழியே கீழே ஒழுகிச் சென்றுவிடுகிறது. சுங்கச்சாவடி தலைவாசலில் இருக்க, சரக்கு கொல்லைப்புறமாகப் போய்விட்டது போலாகும். பிரேசில் நாட்டின் மனாவுஸ் அருகே அமேசான் காட்டில் ஆய்ந்தவர்கள், மேட்டிலிருந்து தாழ்விடங்களை நோக்கிச் செல்லுந்தோறும் இரவில் கரியமில வாயு மிகுதியாகத் தேங்குவதைக் கண்டனர். இதனைக் கவனியாமல் விட்டால், காடு வெளிவிட்டது குறைவாகவும், சேமித்தது மிகுதியாகவும் கணக்கில் ஏறும். அவ்வாறு மிகுத்துக் கூறிய கணக்கை நம்பி நாம் கூடுதலாகப் புகைக்கத் துணிந்தால், அது கடனை வரவென எழுதிய வணிகனின் நிலையாகும். ஆகவேதான் காற்று போதிய அளவு கலங்காத இரவுகளின் அளவீடுகளை ஆய்வாளர்கள் தனியே பிரித்துத் திருத்துகின்றனர்.

நீலகிரியின் உறைபனி

மீண்டும் உதகைக்கே வருவோம். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் நீலகிரியில் உறைபனி விழுகிறது. நெடுங்காலம் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த தாழ்நிலம், காந்தல், தலைகுந்தா போன்ற இடங்களில் புல்வெளி விடியற்காலையில் வெண்மையாகக் கிடக்கும். 'பனி விழுகிறது' என்று நாம் கூறினாலும், அது வானிலிருந்து விழுவதன்று. குளிர்ந்த புல்லின் மீது காற்றின் ஈரமே உறைந்து படிகிறது. பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார்ச் செடிகளால் மூடிக் காப்பதையும், விடியலில் நீர் தெளிப்பதையும் காணலாம். தேயிலையின் இளந்துளிர் ஒரே இரவில் கருகிவிடும். சிறு தோட்டக்காரர் ஒருவருக்கு அது பல வாரக் கூலியின் இழப்பாகும்.

அதே இரவில் சற்றே காற்று வீசினால் உறைபனி படிவதில்லை என்பதை அவ்வூர் மக்கள் நன்கறிவர். காற்று வீசினால் குளிர் கூடும் என்பதுதானே பொது எண்ணம்? ஆனால் அவ்வீச்சு மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றைக் கலக்கித் தரைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர் உயர்ந்த கம்பங்களில் பெரிய விசிறிகளை நிறுத்தி, உறைபனி இரவுகளில் சுழலவிடுவது இக்காரணம் பற்றியே.

நீலகிரியின் சோலைக்காடுகளோ விசிறியின்றியே இதனைச் செய்துகொள்கின்றன. மலை மடிப்புகளில் நெருங்கி வளர்ந்த அச்சோலைகளின் இலைக்கூரை, தரையின் வெப்பம் வானுக்குத் தப்பிவிடாமல் காக்கிறது. ஆகவே சோலைக்குள் உறைபனி படிவது அரிது. வெளியே புல்வெளியில் விழுந்த சோலை மரத்தின் விதை முளைத்தாலும், அந்நாற்று உறைபனிக்குத் தாங்காது. சோலையும் புல்வெளியும் எல்லை வகுத்துக்கொண்டது போல் அருகருகே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமென அறிஞர் கூறுவர். ஒரு சோலையை வெட்டிவிட்டு, பின்னர் அவ்விடத்தில் அதே மரங்களை நட்டு வளர்ப்பது எளிதன்று என்பதற்கும் இதுவே விளக்கம். வெட்டியது மரத்தை மட்டுமன்று. அம்மரம் தன் குழவிக்காகக் காத்து வைத்திருந்த காற்றையும் சேர்த்தே வெட்டிவிட்டோம்.

நிறைவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, காற்றின் தூய்மை எவ்வளவு புகைக்கிறோம் என்பதை மட்டும் பொறுத்ததன்று. எங்கே, எப்பொழுது புகைக்கிறோம் என்பதையும் பொறுத்தது. மலைசூழ் ஊரில் மாலையிலோ விடியற்காலையிலோ குப்பையைக் கொளுத்துவது, கதவடைத்த அறைக்குள் கொளுத்துவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, பள்ளத்தாக்கில் ஆலை அமைப்போர் அவ்விடத்தின் நண்பகலை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது. அதன் முன்பனி யாமத்தையும் கண்டறிதல் வேண்டும். மூன்றாவது, மலையும் மரமும் காற்றுக்குத் தடை என்று எண்ணுவது பிழை. அவை காற்றைக் கலக்கும் மத்துகள்; சில வேளைகளில் அதனைத் தேக்கும் கிண்ணங்கள். எது எப்பொழுது என அறிந்து ஒழுகுவதே அறிவுடைமை.

அன்று வினவிய மாணவர்க்கு விடை கூற நமக்குச் சில மாதங்கள் ஆயின. தேர்வு முடிந்து விடைபெற வந்த நாளில், துறையின் வாயிலில் நின்றவாறே கூறினோம். கேட்டுவிட்டு, "அப்படியானால், ஐயா, கதிரவன் முகட்டைத் தாண்டியதும் அந்தப் புகை கலைந்ததே, அதுவும் இதனால்தானா?" என்றார். ஆம், அதனால்தான். வெயில் தரையைத் தொட்டது, தரை சூடேறிற்று, சுழல்கள் விழித்தன, கூரை திறந்தது. நாம் கூறாத பாதியை அவரே கண்டுகொண்டார்.

நாள்தோறும் நம் வேண்டுதலின்றியே விடியலில் அக்கூரையைத் திறந்து வைக்கும் இறைவனுக்கே புகழனைத்தும்.